அடுக்களைக்கு என்ன கலர்? – ஒரு வலியசாலைச் சுவரின் பூர்வீகம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலைக் கம்போளத்தின் பாத்திரக்கடை, மளிகைக்கடை, பூக்கடை எல்லாம் தாண்டிக் கிழக்கே கிள்ளிப்பாலம் பக்கமாக நடந்தால் வலியசாலை வந்துவிடும். மகாதேவர் கோயில், அதை ஒட்டி வரிசையாக அக்ரஹாரத்து வீடுகள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த தெரு. இன்று பாதி வீடுகள் கான்கிரீட்டாகிவிட்டன. மிச்சம் இருப்பவற்றில் ஒன்று எங்கள் சித்தி வீடு.

ஊரைப் பற்றிச் சொல்லும்போது ராஜராஜ சோழனைச் சொல்லாமல் போனால் வலியசாலைக்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். சோழர் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச்சாலை இதுதான் என்பது எங்கள் ஊர்க் கட்சி. விழிஞம் பக்கம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அங்கே ராஜராஜன் 'கலம் அறுத்தான்' என்றால் கப்பலை உடைத்தானா, அல்லது சாலையில் சாப்பிட்டுப் படித்துக் கொண்டிருந்தவர்களின் உண்கலத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்தானா என்று அறிஞர்கள் நூறு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கென்றே 'காந்தளூர்ச் சாலை' என்று ஒரு நூல் எழுதினார். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூரை மாதிரியாக வைத்து 95 மாணவர்களுக்கு ஒரு சாலை ஏற்படுத்தினான் என்று செப்பேடு இருக்கிறது. 95 பேருக்குச் சமையல் என்றால் எத்தனை பெரிய அடுக்களை! அந்தச் சுவர் என்ன நிறமாக இருந்திருக்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். கறுப்பு.

ஏனென்றால் காஸ் வருகிறவரை இந்த நாட்டில் எல்லா அடுக்களையும் கறுப்புதான்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் சித்தி வீட்டு அடுக்களை. பெயிண்ட் அடிக்க வேண்டும், என்ன கலர், என்ன பினிஷ் என்று மூன்று வாரமாகக் கடல் தாண்டி ஃபோனில் பேச்சு. சித்தி பெண்ணுக்கு ஆரஞ்சும் பழுப்புமாக ஏதோ ஒரு டெரகோட்டா வேண்டும். சித்திக்கு வெள்ளை. "அடுக்களையில என்னடா ஃபேஷன்? அழுக்கு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும். வெள்ளை போறும்" என்று ஒரே பிடி. பெயிண்டர் வந்து ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்ததை அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். மேலே கிரீம் கலர் எமல்ஷன். அதன் கீழே பச்சை எனாமல். அதன் கீழே ரோஸ் டிஸ்டெம்பர். அதற்கும் அடியில் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு, அதுவும் ஒரு வரி வெள்ளை, ஒரு வரி சாம்பல் என்று மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி. அந்த ஒற்றைப் போட்டோவில் ஒரு நூற்றாண்டுக்குக் குறையாத சரித்திரம் இருக்கிறது. அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்ரஹாரத்து வீட்டின் அமைப்பு தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு வீட்டின் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. திண்ணை, ரேழி, கூடம், அப்புறம் அடுக்களை, அதற்குப் பின்னால் கொல்லை. வெளிச்சம் முற்றத்திலிருந்தும் கொல்லைக் கதவிலிருந்தும் எட்டிப் பார்த்தால் உண்டு. அந்த இருட்டில் விறகடுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? புகை ஓட்டு இடுக்கு வழியாக மெதுவாகத்தான் போகும். போகிற வழியில் உத்தரத்திலும் சுவரிலும் படிந்துவிட்டுப் போகும். (அதில் ஒரு லாபமும் உண்டு. புகை ஏறிய உத்தரத்தில் பூச்சி சட்டென்று பிடிக்காது. பரணில் வைத்த புளியும் கெடாது.)

ஆகவே அடுக்களைக்கு வெள்ளை என்பது அழகுக்காக இல்லை. அதுதான் விளக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கோ நவராத்திரிக்கோ, வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கும் சேர்த்து, வெள்ளையடிப்பார்கள். கேரளத்தில் காயலில் வாரிய கக்காத் தோட்டைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும். குழந்தைகளைக் கிட்டேயே விட மாட்டார்கள், தெறித்தால் கண் போய்விடும். ஆறினதும் வடிகட்டி, கொஞ்சம் உப்போ கஞ்சியோ பசையோ சேர்த்து, கடைசியில் ஒரு சிட்டிகை நீலம். நார் மட்டையால் அடிக்க வேண்டியதுதான்.

அடித்த உடனே பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கிற கரி அப்படியே தெரியும். காயக் காய வெள்ளை எழும்பும். இதற்குப் பின்னால் கொஞ்சம் பௌதிகம் உண்டு. ஒரு பொடி வெள்ளையாகத் தெரிவது, அந்தப் பொடி ஒளியை வளைக்கும் அளவுக்கும் அதைச் சுற்றியிருப்பது வளைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால். சுண்ணாம்பு காய்ந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.6 சுமார். காற்றுக்கு 1. வித்தியாசம் நிறைய, அதனால் வெள்ளை. நடுவில் தண்ணீர் புகுந்தால் தண்ணீருக்கு 1.33, வித்தியாசம் குறைந்துவிடும், வெள்ளையும் மங்கிவிடும். இந்த எண்களை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணம். காரம் அதிகம் என்பதால் பூஞ்சை வராது. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊரில் அது சாதாரண விஷயமில்லை. சுவருக்குள் ஏறின ஈரம் வெளியே போகவும் அது வழி விடும். கிள்ளியாற்றுப் பக்கத்துத் தரையில் கட்டின பழைய சுவர், அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தொட்டால் கையில் ஒட்டும், புடவையில் ஒட்டும், துடைக்க முடியாது என்பதெல்லாம் குறை. ஆனால் மூச்சு விடுகிற சுவர்.

அடுத்த அடுக்கு ரோஸ் டிஸ்டெம்பர். சுண்ணாம்புக் கல் பொடியும் பசையும் நிறமும் கலந்தது. இதற்கு முன் கலர் என்றால் வாசல் பக்கம் காவிப் பட்டையோடு சரி. 1942-ல் பம்பாயில் நான்கு நண்பர்கள் தொடங்கிய ஏஷியன் பெயிண்ட்ஸ் போன்ற கம்பெனிகள்தான் டிஸ்டெம்பரைச் சின்னச் சின்ன ஊர்க் கடை வரைக்கும் கொண்டு போயின. கையில் பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாவுமாக நெற்றியில் முடி விழ நிற்பானே, கட்டு என்கிற பையன், 1954-ல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தது அது. எங்கள் தலைமுறைக்குப் பெயிண்ட் கடை என்றாலே அவன் முகம்தான். ஆனாலும் அடுக்களைக்குள் ரோஸ் வர வேண்டுமானால் முதலில் புகை போக வேண்டும். சமையல் காஸ் 1955-ல் பர்ஷேன் என்ற பெயரில் பம்பாயில் வந்தது. 1965-ல் கல்கத்தாவில் இண்டேன். எங்கள் சித்தி வீட்டுக்கு சிலிண்டர் வர அதற்கப்புறமும் பல வருஷம். என்னைக் கேட்டால் இந்திய அடுக்களைச் சுவரின் வரலாற்றில் மிகப் பெரிய சம்பவம் எந்தப் பெயிண்ட் கம்பெனியும் செய்ததில்லை, அந்த சிலிண்டர்தான் செய்தது. காஸ் வந்த பிறகுதான் சுவருக்கு 'என்ன கலர்' என்ற கேள்வியே பிறந்தது.

டிஸ்டெம்பர் அடுக்களையில் நிற்கவில்லை. சாதம் வடிக்கிற ஆவி பட்டுப் பட்டு ஊறித் திட்டுத் திட்டாக உதிர்ந்திருக்கும். ஆகவே மூன்றாவது அடுக்கு, தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பச்சை எனாமல். அந்தப் பச்சை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சர்க்கார் ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், பள்ளிக்கூடம் எங்கும் அதே பச்சை. பளபளவென்று இருக்கும், சோப்புத் தண்ணீரில் துடைக்கலாம், கடுகு தெறித்த எண்ணெய் போய்விடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்கியது.

பழைய பெயிண்டில் ஈயம் இரண்டு வழியில் வரும். ஒன்று வெள்ளை ஈயம், பல நூற்றாண்டாக எண்ணெய்ப் பெயிண்டின் வெள்ளை அதுதான். இன்னொன்று குரோம் மஞ்சள், அதாவது ஈய குரோமேட். இந்தக் குரோம் மஞ்சளோடு பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் கிடைப்பது பச்சை. எண்ணெய் சீக்கிரம் காயவும் ஈய உப்புகளைச் சேர்ப்பார்கள். அதனால் பளிச்சென்ற மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்கள்தான் ஈய விஷயத்தில் முதல் குற்றவாளிகள்.

பெயிண்டரின் திட்டம் எளிமையானது. உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் காய்ந்தபடியே தேய்த்து இறக்கிவிட்டு, பட்டி பார்த்து, புது எமல்ஷன். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் அந்தத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். வீட்டில் சித்தி பெண்ணின் குழந்தை, இரண்டு வயது, தரையில் உட்கார்ந்து கையில் அகப்பட்டதை வாயில் வைக்கிற பருவம். உள்ளே போன ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக் கொள்வதைப் போல நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு இழுத்துக் கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு மூளை வளர்ச்சியில். ஜுரம் மாதிரி கண்ணுக்குத் தெரிகிற விஷயமில்லை, நாலு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் தெரியும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1904-லேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் டாக்டர், குழந்தைகளுக்கு வருகிற ஈய விஷத்துக்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளின் பெயிண்ட் என்று எழுதிவிட்டார். 1921-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டிடங்களின் உட்புறத்துக்கு வெள்ளை ஈயம் கூடாது என்று ஒப்பந்தமே போட்டது. அமெரிக்கா ஆற அமர 1978-ல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது. (நான் இருக்கிற க்ளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கியதும் அதே 1978. சம்பந்தமில்லை, சும்மா ஞாபகம் வந்தது.) இந்த ஊரில் அதற்கு முன் கட்டின வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் வாங்கினாலும் ஈயப் பெயிண்ட் எச்சரிக்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். நானும் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தைப் படித்திருந்ததால்தான் சித்தி பெண் அனுப்பிய போட்டோவில் பச்சையைப் பார்த்ததும் உடனே ஃபோனை எடுத்தேன்.

இந்தியாவில்? பெட்ரோலில் இருந்த ஈயம் 2000-ல் போயிற்று. பெங்களூரில் டாக்டர் வெங்கடேஷ் துப்பில் போன்றவர்கள் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பற்றிக் கத்திக் கொண்டிருந்தார்கள். வீட்டுப் பெயிண்டுக்குச் சட்டம் 2016-ல்தான் வந்தது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது, டப்பாவில் அச்சிட வேண்டும் என்று 2017 நவம்பர் முதல் அமல். அதாவது பிரிஸ்பேன் டாக்டர் எழுதி 113 வருஷம் கழித்து. புது டப்பாவுக்குச் சட்டம் உண்டு. பழைய சுவருக்குக் கிடையாது.

சரி, வெள்ளை ஈயம் போன இடத்துக்கு வந்தது எது? இந்தக் கதை எங்கள் ஊர்க் கதை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தேடிக்கொண்டு வந்தவர் பிடித்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அப்போது திருவிதாங்கூர். அவருக்கு வேண்டியது காஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியம். அதைப் பிரித்தெடுக்கும்போது மலைமலையாக மிஞ்சியது இல்மனைட் என்கிற கறுப்பு மணல். யாருக்கும் வேண்டாத சாமான். முதல் உலக யுத்தம் வந்ததும் ஜெர்மானியர் போனார், இங்கிலீஷ் கம்பெனி வந்தது. மின்சார விளக்கு வந்து மேண்டிலும் போயிற்று. ஆனால் அதே சமயம் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைப் பெரிய அளவில் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1922-லிருந்து திருவிதாங்கூர் கறுப்பு மணல் கப்பல் ஏறியது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் உலகத்து இல்மனைட்டில் பெரும்பகுதி நம் கடற்கரைச் சரக்கு. லண்டனிலும் நியூயார்க்கிலும் சுவரெல்லாம் மணவாளக்குறிச்சி, சவரா மணலின் வெள்ளை. வலியசாலையில் அப்போதும் கக்காச் சுண்ணாம்புதான்.

முன்னால் சொன்ன எண்களை இப்போது எடுங்கள். சுண்ணாம்புக்கு 1.6. வெள்ளை ஈயத்துக்கு 2. வைரத்துக்கு 2.4. டைட்டானியம் டை ஆக்சைடில் அனடேஸ் என்ற ரகத்துக்கு 2.5, ரூட்டைல் என்ற ரகத்துக்கு 2.7. எண்ணெயில் கலந்தாலும் பிசினில் கலந்தாலும் வெள்ளை மங்காது, ஒரு கோட்டில் அடியிலிருப்பதை மறைத்துவிடும், விஷமும் இல்லை. ஈயத்தைத் துரத்தியது சட்டம் மட்டுமில்லை, இந்த எண்ணும்தான்.

மணலை விற்றுவிட்டுப் பொடியை வாங்குவானேன் என்று திருவிதாங்கூரும் யோசித்தது. ஸ்ரீசித்திரைத் திருநாள் காலத்தில், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் இருக்கும்போதே 1946-ல் டிராவன்கூர் டைட்டானியம் ப்ராடக்ட்ஸ் பதிவானது. இங்கிலாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கொச்சுவேளியில் உற்பத்தி. வலியசாலையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். ஊரில் வெறும் 'டைட்டானியம்' என்றால் போதும். பலருக்கு அந்தப் பெயர் பெயிண்டை விட ஃபுட்பால் டீமைத்தான் ஞாபகப்படுத்தும். இங்கே வருவது அனடேஸ் ரகம். வெயில் பட்டால் பொடியாக உதிரும், வீட்டுக்கு உள்ளே பரவாயில்லை. வெயில் தாங்குகிற ரூட்டைல் ரகம் எண்பதுகளில் சவராவில் கே.எம்.எம்.எல். மூலம் வந்தது.

வெள்ளைக்கும் விலை உண்டு. கொச்சுவேளி முறையில் மணலைக் கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும். மிஞ்சுகிற அமிலக் கழிவு கடலுக்குப் போனது, அதன் மேல் பல பத்தாண்டுகளாகப் புகாரும் வழக்கும். 2021 பிப்ரவரியில் அங்கிருந்து ஃபர்னஸ் ஆயில் கசிந்து வேளி, சங்குமுகம் கடற்கரை கறுத்தது. மணல் எடுக்கிற ஊர்களில் கடல் அரிப்புப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. அடுக்களை வெள்ளை, கடற்கரை கறுப்பு.

சரி, சித்தி வீட்டுச் சுவருக்கு வருகிறேன். பரிசோதனைக்கெல்லாம் அனுப்பவில்லை. பழைய பச்சை எனாமல் என்றாலே ஈயம் என்று வைத்துக் கொள்வதுதான் உத்தமம். உப்புத்தாள் கூடவே கூடாது என்றேன். பெயிண்டர் சிரித்திருக்கிறார், நாற்பது வருஷமாகத் தேய்க்கிறேன் சாமி, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. அவர் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன். சித்தி இடையில் புகுந்து, "அவன் சொல்றபடி செய்யுங்கோ, கூலி ரெண்டு நாளைக்குச் சேத்துத் தரேன்" என்றதும் விஷயம் முடிந்தது. குழந்தை பத்து நாள் நாகர்கோவிலில் அப்பா வழிப் பாட்டி வீட்டில். தரையில் பிளாஸ்டிக் ஷீட், தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்தோடு சுரண்டல், வாயில் மாஸ்க், சுரண்டினது எல்லாம் சாக்கில் கட்டி. கொல்லையில் கொட்டக் கூடாது, கறிவேப்பிலை மரம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் பினிஷ். கடைக்காரர் சொன்னது பளபளா எமல்ஷன். பளபளப்பு என்றால் பிசின் அதிகம், நிறப்பொடி குறைவு, மேல்பரப்பு மூடின கண்ணாடி, எண்ணெய் துடைத்தால் போகும். மேட் என்றால் பொடி அதிகம், நுண்ணிய துளைகள், மஞ்சள் பொடி ஏறினால் ஏறினதுதான். புது பிளாட்டுக்கு இந்தக் கணக்கு சரி, சாட்டின் போட்டால் நடுவாந்திரம். ஈரம் ஏறுகிற பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இது சரிப்படாது. ஈரம் உள்ளிருந்து தள்ளும், மூடின படலம் கொப்புளித்து உரியும். கிரீம் எமல்ஷன் இரண்டு மழைக்கு மேல் நிற்காமல் பொருக்குத் தட்டியதே சாட்சி. எண்ணெய் எனாமல் இன்னும் மோசம், ஈரமும் காரமும் சேர்ந்தால் எண்ணெய் சோப்பாகவே மாறிவிடும். அதோடு, பளபளப்பில் பழைய சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும்.

முடிவானது இது. அடுப்பு மேடைக்கு மேலே இரண்டரை அடிக்கு வெள்ளை ஓடு. கதவு, அலமாரிக்கு ஈயமில்லாத, தண்ணீரில் கரைகிற எனாமல், டப்பாவில் 90 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கியது. சித்தி பெண்ணின் டெரகோட்டா அந்தக் கதவுக்குப் போயிற்று. பாக்கிச் சுவர் முழுக்கப் பழையபடி சுண்ணாம்பு, மூன்று கோட். கக்காச் சுண்ணாம்பு இன்னும் கிடைக்கிறது, வெற்றிலைக்கு விற்கிற ஊர்தானே. நீலம் போடலாமா என்று பெயிண்டர் கேட்டதற்குச் சித்தி, கொஞ்சமாகப் போடச் சொன்னாளாம். முதல் கோட் அடித்த சாயங்காலம், "ஒண்ணுமே தெரியலையேடா, காசு தண்டமா?" என்று எனக்கு ஃபோன். காயட்டும் சித்தி, காலையில் பாருங்கள் என்றேன்.